அறையை விட்டு வெளியே போகாத எடிட்டர்

போன வாரம் உங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். நிரல் எழுத எந்த எடிட்டரை வைத்திருக்கிறீர்கள்? எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னீர்கள். ஏன் அது என்றேன். "எல்லாரும் அதத்தான் மேடம் வெச்சிருக்காங்க" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, தட்டில் வைத்த பஜ்ஜியைக்கூடத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். திட்டியதில் தப்பில்லை. காரணத்தைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதை இப்போது எழுதுகிறேன். பிடிக்காவிட்டாலும் படியுங்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்த இடம் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாடி. கீழே டீக்கடை. மேலே நாங்கள் மூன்று பேர்: முதலாளி, நான், இளங்கோ. சூளையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளுக்கு நிரல் எழுதுவது எங்கள் தொழில். சின்னத் தொழில்தான். ஆனால் தொழிற்பேட்டையில் பாதி சூளைகள் எங்கள் நிரலில்தான் எரிந்தன.

பீங்கான் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மண் யாருக்கும் கிடைக்கும். அச்சும் விலைக்குக் கிடைக்கும். சூளையை என்ன வேகத்தில் சூடேற்றுவது, எந்த இடத்தில் நிறுத்திப் பிடிப்பது, எப்படி ஆறவிடுவது என்பது மட்டும் எங்கும் கிடைக்காது. ஒவ்வொருவரும் வெடித்த சரக்கை வண்டி வண்டியாகக் கொட்டிக் கற்றுக்கொண்டது அது. அந்த எண்களைச் சூளைப் பெட்டியின் திரையில் காட்டினால், பக்கத்தில் நிற்கிற ஆட்கள் பார்த்துவிடுவார்கள். அதே ஆட்கள் அடுத்த மாதம் பக்கத்து ஷெட்டில் வேலை பார்ப்பார்கள். அதனால் எண்களை நிரலுக்குள்ளேயே எழுதி, பூட்டி, பெட்டியில் ஏற்றிக் கொடுப்போம். படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஊருக்கு இதுதான் சரி.

இன்னொரு பழக்கமும் உண்டு. கிளேஸ், அதாவது மேலே பூசும் மெருகு, கலக்கும்போது கதவைச் சாத்துவார்கள். அந்த நேரத்தில் சூளை முதலாளியின் மாமனாரே உள்ளே இருந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எங்கள் அலுவலகத்திலும் அதையே வைத்திருந்தோம். சூளைக்காரர் எண் சொல்ல வந்தால் நான் மட்டும் தட்டச்சு செய்ய உட்காருவேன். முதலாளியும் இளங்கோவும் கீழே டீக்கடைக்குப் போய்விடுவார்கள். காகிதத்தில் எதுவும் எழுத மாட்டோம். அவர் சொல்வார், நான் அடிப்பேன், அவர் கண்ணால் பார்ப்பார், கோப்பைப் பூட்டிவிடுவேன். எவ்வளவு பத்திரமான ஏற்பாடு என்று எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

எங்கள் பெட்டியை வாங்கியவர்களில் ராஜேஸ்வரி ஒருவர், மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர் செய்கிறவர். பழுப்பு மெருகு. மற்றவர்கள் சரக்கில் மெருகின் மேல் மயிரிழை வெடிப்பு வரும். அவர் சரக்கில் வராது. ஆறவிடும்போது ஒரு இடத்தில் அவர் சூட்டை நிறுத்திப் பிடிப்பதுதான் ரகசியம். அந்த இடம் என்ன என்று நான் இங்கேயும் எழுதப்போவதில்லை.

அன்றைக்கு அவர் வந்தது, மெருகைக் கொஞ்சம் மாற்றியதால் பழைய எண்ணில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய. மற்ற இருவரும் கீழே போய்விட்டார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அடித்துக்கொண்டே வந்தேன். ஆறவிடும் பகுதி வந்தது. அவர் மூச்சு இழுத்தார். இன்னும் வாய் திறக்கவில்லை. திரையில் என் கர்சருக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு வரி தானாக வந்து நின்றது. அவர் சொல்லப்போன அதே எண்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான் இன்னும் சொல்லலியேக்கா. அதுக்கு யாரு சொன்னது?"

சத்தம் கேட்டு முதலாளி படியேறி ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டார். சிரித்துக்கொண்டே சமாளித்தார். இது புது மாதிரி எடிட்டர், ரொம்பப் புத்திசாலி, அடுத்து என்ன வரும் என்று அதுவாகவே யோசித்துச் சொல்லும் என்றார்.

"அதுவா யோசிச்சிடுச்சா?" என்றார் ராஜேஸ்வரி. "எங்க ஷெட்டுக்குப் பின்னால போயிப் பாருங்க சார். நான் ஒடச்சிக் கொட்டுனது மலையாட்டம் கெடக்குது. அத்தன ஒடச்சி நான் கண்டுபுடிச்சத இது ஒக்காந்த எடத்துல யோசிச்சிடுச்சா? யாருகிட்ட கேட்டுச்சின்னு சொல்லுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஏதாவது சொல்லி அனுப்பி வை என்று அர்த்தம். உங்களுக்கும் ஒருநாள் இந்தப் பார்வை கிடைக்கும். அப்போது என்ன செய்வீர்கள் என்பதுதான் உங்கள் வேலை. நிரல் எழுதுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் எடிட்டரில் திறந்திருந்த மற்ற பக்கங்களைப் பார்த்தேன். அவருடைய பழைய கோப்பு அடுத்த பக்கத்தில் திறந்தே இருந்தது. அதிலிருந்து எடுத்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் அவர் சமாதானமாகியிருப்பார். ஆனால் எடுத்தது யார்? அந்தச் சாம்பல் வரியைத் தருகிற எக்ஸ்டென்ஷனை, அதாவது எடிட்டரோடு சேர்க்கும் துணை நிரலை, இளங்கோ ஒரு வாரம் முன்புதான் போட்டிருந்தான். அது நம் கணினியில் யோசிப்பதில்லை. திறந்திருக்கும் கோப்பை எங்கேயோ இருக்கும் கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து பதில் வாங்கி வந்து காட்டுகிறது.

அதையே சொன்னேன். "உங்க பழைய எண்ணு இந்த ரூமை விட்டு வெளிய போயிருக்குது. அந்தப் பக்கம் யாரு வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. திருப்பி வாங்க முடியாது."

முதலாளியின் முகம் செத்துப்போனது. ராஜேஸ்வரி சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"போனது போச்சி. இப்ப எனக்கு வர்ற மண்ணு மாறிடுச்சி. புது மண்ணுக்குப் புது எண்ணு வெச்சிருக்கேன். அது இன்னும் என் தலையிலதான் இருக்குது. சூளை அடுக்கியாச்சி. திங்கக்கெழம பத்த வைக்கணும், ஆர்டரு நிக்கிது. அன்னிக்கிக் காலையில வரேன். இந்த ரூமுல நம்மளத் தவர வேற யாரும் இல்லன்னு எனக்குக் காட்டுங்க. இல்லன்னா பெட்டியக் கழட்டி அனுப்பிடுறேன், ராத்திரி பகலா நின்னு கையாலயே எரிச்சிக்கிறேன்."

பெட்டியைக் கழற்றினால் விஷயம் அவரோடு முடியாது. தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டில் சொன்னது டீ ஆறுவதற்குள் கடைசி ஷெட்டுக்குப் போய்விடும். எங்கள் மூன்று பேருக்கும் அதற்கு மேல் அந்த ஊரில் வேலை இல்லை. அவருக்கோ, பெட்டி இல்லாமல் புது மண்ணைக் கையால் எரித்தால் முதல் அடுக்கே குப்பைக்குப் போகலாம்.

அவர் போனதும் முதலாளி குதித்தார். உண்மையைச் சொல்ல இதுதான் நேரமா என்றார். பொய் சொல்ல வேறு நேரம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அடுத்து இளங்கோவின் முறை. அவன் வேப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பிள்ளை, நல்ல மூளை, சோம்பேறி. எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டால் முடிந்தது, எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றான்.

"எடுத்துட்டா முடிஞ்சிதுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிட்டேன் மேடம்."

"ஆஃப் பண்ணா ஆஃப் ஆயிடுச்சின்னு யாரு சொன்னது? அதே எடிட்டருதானே சொல்லுது?"

எனக்கே அந்த நொடியில்தான் விஷயம் முழுசாக உறைத்தது. நாங்கள் மனிதர்களை மட்டும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தோம். அறையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, கேட்கும்போது வெளியே சொல்லிக்கொண்டு, ஒன்று உட்கார்ந்தே இருந்திருக்கிறது. அதை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை.

அன்று மதியமே ஆரம்பித்தோம். மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றைத் தூசி தட்டி, எங்கள் கணினிக்கும் இணைய இணைப்புக்கும் நடுவில் உட்கார வைத்தோம். உள்ளிருந்து எது வெளியே போனாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். என்ன பேசுகிறது என்பது சங்கேதத்தில் பூட்டிய பேச்சு, தெரியாது. யாரிடம் பேசுகிறது, எவ்வளவு பேசுகிறது என்பது வரி வரியாகத் திரையில் தெரியும். எங்களுக்கு அது போதும்.

எடிட்டரைத் திறந்தோம். எதையும் அடிக்கவில்லை. சும்மா திறந்தோம். பழைய கணினியின் திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. இளங்கோ "ஐயய்யோ" என்றான். எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு மறுபடி திறந்தோம். வரிகள் குறைந்தன. நிற்கவில்லை. அத்தனை வருஷ வேலையில் எனக்கு அப்படி ரத்தம் தலைக்கு ஏறியது கிடையாது. கோபமா, குஷியா என்று எனக்கே புரியவில்லை. கண்ணெதிரே திருடன் ஓடுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

முதலாளி ஒரு யோசனை சொன்னார். இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு எண்ணை அடி, அடித்ததும் மாட்டிக்கொள். கேட்க நன்றாக இருந்தது. செய்து பார்த்தோம். கேபிள் இல்லாமல் நாலு பொய் எண்களை அடித்தோம். அமைதி. கோப்பை மூடினோம். கேபிளை மாட்டினோம். அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அது ஒரேயடியாக அனுப்பியது. எங்கள் எண்கள்தான் போயின என்று நான் சொல்ல மாட்டேன். போனதில் அவை இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு உளவாளியை உள்ளேயே வைத்துக்கொள்கிற யோசனை அது. நீங்களும் இதை யோசிப்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

அப்புறம் வேறு எடிட்டர் தேடினோம். பெயர்களை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு சோதிப்பதை விட்டுவிடுவீர்கள். இன்றைக்கு யோக்கியமாக இருக்கும் எடிட்டர் நாளைக்குக் கை மாறலாம்.

முதலில் எங்கள் பழைய எடிட்டரைப் பற்றியே ஒன்று தெரிந்தது. அது ஓப்பன் சோர்ஸ் என்று இளங்கோ சாதித்தான். உண்மைதான், மூல நிரல் எல்லாரும் பார்க்கத் திறந்து கிடக்கிறது. ஆனால் நாங்கள் இறக்கி வைத்திருந்தது அந்த மூலம் மட்டும் இல்லை. நிறுவனம் அதன் மேல் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்த பொட்டலம். அதன் உரிமம் வேறு, உள்ளே இருப்பது வேறு. திறந்த சமையலறையைக் காட்டிவிட்டு, மூடிய பாத்திரத்தில் சாப்பாடு கொடுக்கிற வேலை. ஓப்பன் சோர்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் கையெழுத்துப் போடாதீர்கள். மூலம் எது, கட்டிக் கொடுத்தவர் யார், நடுவில் என்ன சேர்த்தார் என்று மூன்றையும் கேளுங்கள்.

அடுத்து கறுப்புத் திரையில் ஓடும் பழைய காலத்து எடிட்டர் ஒன்று. திறந்தோம், அடித்தோம், மூடினோம். வெளியே ஒரு வார்த்தை போகவில்லை. எனக்கு ஆனந்தம். இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். இளங்கோதான் ஒரு பழைய கோப்பைத் திறந்து காட்டினான். எங்கள் நிரலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் குறிப்பு இருக்கும். சூளைக்காரர் திரையைப் பார்த்து, தான் சொன்னது சரியாக ஏறியிருக்கிறதா என்று படிப்பதற்காக. அந்தக் கறுப்புத் திரையில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எழுத்தெல்லாம் சிதறிக் கிடந்தது.

"ராஜேஸ்வரிம்மா இதப் படிச்சாங்கன்னா கண்ணு அவிஞ்சிடும் மேடம்" என்றான்.

சரிதான். தன்னால் படிக்க முடியாததை அவர் எப்படி நம்புவார்? பத்திரமாக இருக்கிறது என்பதற்காக, ஆள் பயன்படுத்த முடியாததை அவர் தலையில் கட்டக் கூடாது. எனக்குப் பிடித்திருந்தும் விட்டுவிட்டேன்.

கடைசியில் வந்து நின்றது, அதே திறந்த மூலத்தை எடுத்து, உளவு வேலைகளை நீக்கிவிட்டு, தன்னார்வலர்கள் கட்டிக் கொடுக்கும் எடிட்டர். எந்தெந்தப் பகுதியை நீக்கினோம் என்று அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். இளங்கோ உட்கார்ந்து அத்தனையையும் வரி வரியாகப் படித்தான். சோம்பேறி என்று சொன்னேனே, அன்றைக்கு அவன் சாப்பிடக்கூட எழவில்லை. தமிழ் எழுத்து அழகாகத் தெரிந்தது. திறந்தோம். பழைய கணினியின் திரை வெறுமையாக இருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்க்கிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை. முதலாளி இனிப்பு வாங்க ஆள் அனுப்பிவிட்டார். இளங்கோ தனக்கு வேண்டிய எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று திரையில் ஒரு வரி ஓடியது.

நான் கத்தினேன். அவன் கையை எடுத்துவிட்டான். எடிட்டர் பேசவில்லை. அதன் மேல் உட்கார்ந்திருந்த எக்ஸ்டென்ஷன் ஒன்று பேசியது. எழுத்துப் பிழை பார்க்கிற சாதாரணப் பொருள். பிழை திருத்த அது ஒவ்வொரு வார்த்தையையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் நல்லவர், வாடகைக்கு வந்தவர் சரியில்லை.

முதலாளி அதை மட்டும் எடுத்துவிட்டுப் போகலாம் என்றார். இளங்கோ நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "எல்லாத்தையும் எடுத்துடுறேன் சார். நம்ம பெட்டிக்கு எழுதுற நிரல் மொழிக்கு வேணுங்கிற ஒண்ணு போதும். அதையும் படிச்சிப் பாத்துட்டுத்தான் போடுவேன்" என்றான். அதன் பிறகு, எடிட்டருக்கு இணையமே கிடைக்காதபடி, கணினியின் காவல் நிரலான ஃபயர்வாலிலும் ஒரு பூட்டுப் போட்டான். இதெல்லாம் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது என்று ஒரு வாரம் முன்பு என்னிடம் வாதாடியவன் அவன்தான்.

திங்கட்கிழமை காலை ராஜேஸ்வரி வந்தார். எடிட்டரை மாற்றிவிட்டோம் என்று சொல்லி உட்கார வைக்க முதலாளி வாயெடுத்தார். நான் குறுக்கே விழுந்து, பழைய கணினியின் முன்னால் ராஜேஸ்வரியை உட்கார வைத்தேன். முதலில் பழைய எடிட்டரைத் திறந்து, வரிகள் ஓடுவதைக் காட்டினேன். கேபிளைப் பிடுங்கி மாட்டியபோது நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு புது எடிட்டரைத் திறந்தேன். அவர் நம்பவில்லை. ஒரு பொய் எண்ணைச் சொல்லி அடிக்கச் சொன்னார். திரை அசையவில்லை. "கேபிளப் புடுங்கிட்டு அடிங்க" என்றார். அடித்தேன். "இப்ப மாட்டுங்க" என்றார். மாட்டினேன். அவர் திரைக்கு வெகு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். ஒன்றும் போகவில்லை.

"செரி" என்றார். முதலாளியும் இளங்கோவும் வழக்கம்போல வெளியே கிளம்பினார்கள். நான் விரலை நெட்டி முறித்துவிட்டு விசைப்பலகையை இழுத்தேன்.

"நீங்களும் போங்கக்கா" என்றார்.

"நான் அடிக்கணுமே."

"நானே அடிச்சிக்கிறேன். எண்ணுதானே, தெரியும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. இத்தனை நாள் ஓடியதெல்லாம் யாருக்காக என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரி. அறையில் யாரும் இருக்கக் கூடாது என்றால் நானும்தான் இருக்கக் கூடாது. எந்த இடத்தில் எண்ணைப் போட வேண்டும், முடித்ததும் எந்தப் பொத்தானைத் தட்ட வேண்டும் என்று காட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். படிக்கட்டில் மூன்று பேரும் நின்றோம். உள்ளே ஒற்றை விரலில் டக், டக் என்று கேட்டது.

கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. "அக்கா, செவப்பா என்னமோ காட்டுது."

முதலாளி கதவில் கை வைத்தார். அந்தக் கையை நான் தட்டிவிட்டேன்.

"எத்தனாவது வரின்னு மட்டும் சொல்லுங்க. வரியப் படிக்காதீங்க."

சொன்னார்.

"அந்த வரி முடியற எடத்துல கமா இருக்குதா பாருங்க. மேல உள்ள வரியில எல்லாம் இருக்கும்."

"இதுல இல்ல."

"போடுங்க."

மறுபடி டக் என்று ஒரு சத்தம். "போயிடுச்சிக்கா."

அவரே கோப்பைப் பூட்டி, அவரே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம், பரீட்சை எழுதி வந்த பிள்ளை மாதிரி. சாயங்காலம் பற்ற வைக்கிறேன் என்றார். முதலாளிக்கு உயிர் வந்தது. நிம்மதியில் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, புது மண்ணுக்கு எந்த எடத்துல நிறுத்திப் புடிக்கிறீங்க? சும்மா, தெரிஞ்சிக்கத்தான்."

நான் திட்ட வாயைத் திறந்தேன். இளங்கோ முந்திக்கொண்டான்.

"சார், நீங்க கீழ போயி நில்லுங்க."